கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

கொடைரோட்டில் ஸ்டுடியோவோ ஜெராக்ஸ் கடையோ நடத்துபவரின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். "டிஸ்க் போயிருச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்பார் சர்வீஸ் கடைக்காரர். மறுநாள் மெஷின் ஓடும். காசைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவோம். கழற்றிய பழைய டிஸ்க் எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. அது உங்கள் சொத்து. ஊரார் நம்பிக் கொடுத்த ஆதார் நகல்களும், கல்யாணப் படங்களும், பற்று வரவுக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன.

"போய்விட்டது" என்ற டிஸ்க்கிலிருந்தும் பல சமயம் தரவை மீட்க முடியும். கோப்புகளை அழிப்பதும், அவசரமாக ஃபார்மட் செய்வதும் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போலத்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய பொருள் சந்தையில் 158 டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் மருத்துவக் கடிதங்கள் முதல் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் வரை கிடைத்தன. பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. பழைய டிஸ்க்குகளை முறையாக அப்புறப்படுத்தாமல் சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக, மார்கன் ஸ்டான்லி நிறுவனம் 2022இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

கல்லூரி ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் 1990களின் யூனிக்ஸ் மெஷின்கள் மிச்சமிருந்தால் இன்னும் கவனம் தேவை. அவற்றின் ஸ்கஸி (SCSI) வகை டிஸ்க்குகள் வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்றவை. ஒருமுறை அணைத்தால், தரவைப் படிக்கும் தலை உள்தட்டில் ஒட்டிக்கொண்டு மறுபடி சுழலாமலே போகலாம். அதனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகு அணையுங்கள். எந்த மெஷினானாலும், வேலை முடிந்ததும் பழைய டிஸ்க் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பச் சொல்லுங்கள். யூனிக்ஸில் 'டிடி' (dd) கட்டளையே போதும். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. (SSD) வகைக்கு இந்த வழி நம்பகமானதல்ல. அதற்கு அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்பு மென்பொருளே சரி. சுழலவே சுழலாத டிஸ்க்கின் உள்தட்டை உடைத்துவிடலாம். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, கண்ணுக்குக் காப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகப் போடும் டிஸ்க்கிலும் ஏமாற வழி இருக்கிறது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், ஓடிய கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. பணம் கொடுக்கும் முன், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கடைக்காரரின் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கையே மாற்ற முடிகிறது என்பதால், வரிசை எண்ணை வைத்து வாரண்டித் தேதியையும் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

"பில் வேணும்னா ஜி.எஸ்.டி. சேரும்" என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழையதைப் புதியது என்று விற்பதும், நாம் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரங்களைப் பிறருக்குத் தருவதும் அதே வகைதான். அனுமதியில்லாமல் உங்கள் தரவை நேர்மையற்ற நோக்கத்தோடு நகலெடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

தொழிலுக்காக வாங்கியதற்கு நுகர்வோர் வழக்கு செல்லாது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் தாராளமாக வழக்குத் தொடரலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை மதுரையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. படங்களோ வங்கி விவரங்களோ வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் சைபர் குற்றப் போலீசில் உடனே புகார் கொடுங்கள். பணமே பறிபோனால் அந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள்.

மெஷினைக் கொடுக்கும்போதே டிஸ்க்கின் வரிசை எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.