மலையில் வெறும் கல், அலையில் ஒரு குடியிருப்பு

நீங்கள் நிற்கும் பல்லாவரத்துப் பாறையின் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை. அவர் பெயரையே 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சூட்டினார்.

இங்கிருந்து கடல் கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். சென்னைக் கரை பெரும்பாலும் மணல். தெற்கே கோவளம், மாமல்லபுரம் பக்கம்தான் இதைப்போன்ற கடினமான பாறைகள் அலையில் நனைகின்றன.

அலை படும் பாறையில் உயிர்கள், மாடிவீடு போல
மேல்தளம்: சாரல் மட்டுமே படும் இடம். வெயில் தாங்கும் சிறு நத்தைகள் பிளவுகளில் ஒண்டியிருக்கும்.
நடுத்தளம்: ஓட்டை மூடி ஈரம் காக்கும் கொட்டலசுகள்.
கீழ்த்தளம்: நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றும் பச்சை ஆளிகள், கடற்பாசிகள்.

ஒவ்வோர் உயிரின் இடத்துக்கும் மேலே எல்லையிடுவது பெரும்பாலும் வெயிலும் வறட்சியும். கீழே, இடப்போட்டியும் இரையாவதும். சென்னையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் இத்தளங்கள் நெருக்கமானவை.

ஆய்வாளர்கள் பாறைமேல் சதுரச் சட்டம் வைத்து உள்ளே இருப்பவற்றை எண்ணுவார்கள். அதே இடத்தில் ஆண்டுதோறும் எண்ணினால் கடலின் மாற்றம் தெரியும்.

கரைக்குப் போனால்: கல்லைப் புரட்டினால், இருந்தபடியே திருப்பி வையுங்கள்.