கடலின் ஞாபகம்

பத்து நாளுக்கு அப்பால் எந்த ஊரில் மழை பெய்யும் என்று அறுதியிட்டுரைக்க இயலாத வானிலை சாஸ்திரிகள், அடுத்த பருவத்தைக் குறித்தும், அதனினும் துணிந்து அடுத்த ஐந்தாண்டுகளைக் குறித்தும் அனுமானம் கூறுவது விந்தையாகவே தோன்றும். விந்தைக்கு விடை கடலில் இருக்கிறது. காற்று இரண்டு வார காலத்துக்குள் தன் பழைய நிலையை மறந்துவிடுகிறது. சமுத்திரமோ, தான் உட்கொண்ட வெப்பத்தை மாதக்கணக்கிலும், ஆழத்திலே ஆண்டுக்கணக்கிலும் வைத்திருந்து, சிறிது சிறிதாக ஆகாயத்துக்குத் திருப்பித் தருகிறது. ஆகவே, கடலின் இன்றைய நிலையை அறிந்தவர், குறித்த நாளின் மழையைச் சொல்ல முடியாவிடினும், ஒரு பருவம் எப்பக்கம் சாயும் என்பதை ஓரளவு சொல்லக்கூடும்.

இவ்வுண்மை எளிதில் கிட்டியதன்று. தென்னாட்டார் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெருந்துயருக்குப் பின்னரே, பருவமழையை முன்கூட்டி அறியும் முயற்சி நம் தேசத்தில் தீவிரமடைந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கேம்பிரிட்ஜ் கணித நிபுணர் கில்பர்ட் வாக்கர், இந்திய மழைக்குரிய காரணத்தை இந்தியாவுக்குள்ளேயே தேடுவதில் பயனில்லை எனக் கருதி, உலகின் பல நிலையங்களின் பதிவுகளைக் கணக்கர்களைக் கொண்டு ஒப்பிட்டு, பசிபிக் சமுத்திரத்தின் மீது காற்றழுத்தம் உயர்கையில் இந்து சமுத்திரத்தின் மீது அது தாழ்வதைத் தராசுத் தட்டுகளின் அசைவு போலக் கண்டார். அத்தராசும் பசிபிக்கின் வெப்பமும் ஒன்றையொன்று அசைப்பவை என்று 1960களில் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னஸ். பெரு நாட்டுச் செம்படவர் கிறிஸ்துமஸை ஒட்டி வரும் வெப்ப நீரோட்டத்துக்குக் ‘குழந்தை’ என்னும் பொருளில் இட்ட எல் நினோ என்ற பெயரே அவ்வெப்பத்துக்கு நிலைத்துவிட்டது. 1877இல் பசிபிக்கில் மூண்டிருந்ததும் அதுவே.

காரணம் விளங்கிய பின்னும் அதைக் கண்காணிக்கக் கருவி இல்லை. 1982இல் மிகப் பலத்த எல் நினோ ஒன்று வளர்ந்தபோது, நடுக்கடலில் அளவைகள் போதாமையாலும், மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை உமிழ்ந்த துகள்கள் செயற்கைக்கோள்களை ஏமாற்றியதாலும், விஞ்ஞானிகள் அதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். அந்த வெட்கத்தின் சூட்டில் 1985 முதல் பத்தாண்டு நடந்த சர்வதேச ஆராய்ச்சித் திட்டத்தில், அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் முதலிய தேசங்கள் கூடி, பூமத்திய ரேகையை ஒட்டிச் சுமார் எழுபது மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தின. 1997இல் வந்த எல் நினோவை உலகம் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தது. பிற்பாடு, பத்து நாளுக்கொருமுறை இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய நாலாயிரம், இந்தியா உட்படப் பல தேசங்களால் கடலெங்கும் விடப்பட்டன. அவை தரும் அளவைகள் எவர்க்கும் பொதுவானவை.

அளவைகளை வாங்கிக் கணக்கிடும் கணினி மாதிரிகளிலும் இதே கூட்டுறவு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் தனக்கே உரிய குறை உண்டு. பலவற்றைச் சேர்த்துச் சராசரி கண்டால், ஒன்றின் பிழையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடரில் உள்ள வானிலை நிலையம், பல தேசங்களின் கணிப்புகளைத் திரட்டி, உலக வானிலை அமைப்பின் சார்பில் அடுத்த ஐந்தாண்டுகளுக்கான நோக்கை வருஷந்தோறும் வெளியிடுகிறது. இது ஜோதிடமன்று, இத்தனை பங்கு வாய்ப்பு என்று மட்டுமே அது பேசும்.

ஆயினும், கூட்டுறவு ஒருமுறை அமைத்துவிட்டு மறக்கத்தக்கதன்று. நங்கூரமிட்ட பசிபிக் மிதவைகளைப் பராமரித்துவந்த கப்பல் ஓய்வு பெற்றபின், 2014 வாக்கில் அவற்றிலிருந்து வரும் அளவைகள் பாதிக்கும் கீழே சரிந்தன. அக்கறை மீண்டு வந்தது, விடுபட்ட நாட்கள் வரவில்லை. நேற்றைய கடலின் வெப்பத்தை இன்று அளக்க எந்த வல்லரசாலும் இயலாது.