குறைவான காற்றே உயிர் காக்கும்

“மெஷின் வைத்துவிட்டார்கள். இனி அவ்வளவுதான்.”

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் இப்படிச் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். 2021-இல் கோவிட்-19 உச்சத்தில் இருந்தபோது, சுவாசக் கருவியின் உதவி தேவைப்படுவோரின் எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சு நாள்தோறும் வெளியிட்டது. ‘ஐந்தாம் பிரிவு நோயாளி’ என்ற சொல்லே வீடுகளில் கலக்கத்தை உண்டாக்கியது. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரத்து முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கு, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு ஒன்றுதான் அப்போது தொடர்பு.

அந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால், அச்சம் முழுவதும் போகாவிட்டாலும் சரியான கேள்விகளையாவது கேட்க முடியும்.

இழுப்பதும் தள்ளுவதும்

மூன்றாம் படிவ அறிவியல் பாடத்தில் ஒரு கண்ணாடிச் சாடி மாதிரி வரும். சாடிக்குள் இரண்டு பலூன்கள் தொங்கும். அடியில் மெல்லிய ரப்பர் தாளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாளைக் கீழே இழுத்தால் பலூன்கள் தாமாகவே உப்பும். நம் உதரவிதானமும் இதைத்தான் செய்கிறது. அது கீழே இறங்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது.

சுவாசக் கருவியின் வழி இதற்கு நேர்மாறு. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழாயின் மூலம் அது காற்றை உள்ளே தள்ளுகிறது. ரப்பர் தாளைத் தொடாமல் பலூனை ஊதுவது போன்றது இது. ஊதுகிறவர் கை மீறினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

நீர் கோத்த நுரையீரல்

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அது ஒரு பூப்பந்துத் திடலைவிடச் சற்றே சிறியது. கடும் நிமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, நீரில் மூழ்குதல், கடுமையான எலிச்சிறுநீர் நோய் போன்றவற்றால் அந்தப் பைகளின் சுவர் சேதமடைந்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் உள்ளே கசியலாம். அதன் பிறகு எவ்வளவு பிராணவாயு கொடுத்தாலும் அது இரத்தத்தில் கலப்பது கடினம். இதுவே கடும் சுவாசத் துயர் நோய்க்குறி. மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஏஆர்டிஎஸ்’ என்பார்கள். 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் இதை விவரித்தார்கள். கோவிட்-19 பலரின் நுரையீரலை இந்த நிலைக்குத்தான் கொண்டுபோனது.

1980-களில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனியும் அவர் குழுவினரும் இத்தகைய நோயாளிகளை சிடி ஸ்கேனில் பார்த்தார்கள். நுரையீரலின் பெரும்பகுதி அடைபட்டிருந்தது. காற்று புகக்கூடிய மிச்சப் பகுதி, ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவே இருந்தது. அதற்குக் ‘குழந்தை நுரையீரல்’ என்றே பெயர் வைத்தார்கள். பெரியவரின் உடலுக்குள் குழந்தையின் நுரையீரல்! அதற்குள் பெரியவருக்கான காற்றைத் தள்ளினால், நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பைகளும் இழுபட்டுப் புண்ணாகும்.

எண் நன்றாக இருந்தும்...

அதுவரை ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் காற்று தருவது வழக்கம். இரத்தத்தின் வாயு அளவுகள் இயல்பாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

2000-இல் 861 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர், மறு குழுவுக்கு 6 மில்லிலிட்டர். முதல் சில நாட்களில், அதிகக் காற்று பெற்றவர்களின் இரத்தத்தில் பிராணவாயு அளவு மேலாகவே இருந்தது. ஆனால் அவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள். குறைவாகப் பெற்றவர்களில் இறந்தவர்கள் 31 விழுக்காட்டினர். வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். திரையில் தெரியும் எண் நன்றாக இருப்பது வேறு, நோயாளி பிழைப்பது வேறு என்பதை மருத்துவ உலகம் அன்று கற்றது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இங்கே ‘கிலோ’ என்பது தராசு காட்டும் எடையல்ல, உயரத்திலிருந்து கணக்கிடும் எடை. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. 150 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கான சூத்திரப்படி அவருடைய கணக்கு எடை சுமார் 43 கிலோ. அதை 6-ஆல் பெருக்கினால் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 260 மில்லிலிட்டர். சிறிய மினரல் வாட்டர் போத்தலில் பாதிதான். தராசு எடையை வைத்துக் கணக்கிட்டால் 450 வந்துவிடும். குள்ளமானவர்களுக்கும் பெண்களுக்கும் தேவைக்கு மேல் காற்று போய்விடும் ஆபத்து அதிகம் என்பது இதனால்தான். ஆகவே படுக்கையில் கிடக்கும் நோயாளியை மருத்துவர்கள் நாடாவால் அளந்தால் வியப்படைய வேண்டாம்.

கவிழ்த்துப் படுக்க வைப்பது ஏன்?

புதிய பலூனை முதன்முதலில் ஊதுவதுதான் கடினம். கொஞ்சம் காற்று உள்ளே இருந்துவிட்டால் அடுத்த ஊதல் எளிது. அதனால் மூச்சு வெளியேறிய பிறகும் பைகள் முழுதாகச் சுருங்காதபடி, கருவி ஓரளவு அழுத்தத்தை உள்ளேயே விட்டுவைக்கிறது.

ஈரமான ஸ்பாஞ்சைக் கிடத்தினால் நீர் அடிப்பக்கம் இறங்கும். மல்லாந்து கிடக்கும் நோயாளியின் நுரையீரலில் முதுகுப் பக்கம் இப்படித்தான் அமுங்கி அடைபடுகிறது. அவரைக் கவிழ்த்தால் அந்தப் பகுதி திறக்க வாய்ப்புண்டு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 466 பேரில் ஒரு பாதியினரை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் கவிழ்த்து வைத்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 16 விழுக்காடு. மல்லாந்தே இருந்த குழுவில் 32.8 விழுக்காடு. இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. குழாய் நழுவாமல் திருப்பத் தெரிந்த பல தாதியரின் கைகள்தாம் தேவைப்பட்டன.

கருவி குணப்படுத்துவதில்லை

சுவாசக் கருவி நுரையீரலைக் குணப்படுத்தும் மருந்தல்ல. கிருமியை மருந்து எதிர்க்கும்வரை, உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை, அது நேரம் வாங்கித் தருகிறது. நிலை தேறியதும் உதவியைக் குறைத்து, நோயாளி தாமாக மூச்சு விடுகிறாரா என்று சோதித்துப் பார்த்து, பிறகே குழாயை எடுக்கிறார்கள். வீடு திரும்பிய பின்னும் தசைச் சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

இந்த நோய் மிகக் கொடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 50 நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, ஏஆர்டிஎஸ் வந்தவர்களில் 10 பேருக்கு 4 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மற்ற 6 பேர் பிழைத்து வெளியே வந்தார்கள். “மெஷின் வைத்தால் திரும்ப மாட்டார்கள்” என்ற பேச்சில் அந்த 6 பேருக்கு இடமில்லை. மிகவும் மோசமாக இருப்பவருக்குத்தான் கருவி வைக்கப்படுகிறது. அதனால் நோய் செய்த கொலைக்குப் பழி கருவியின் மேல் விழுகிறது.

முற்றிய புற்றுநோய், பல உறுப்புகள் செயலிழந்த நிலை போன்றவற்றில் கருவி பயன் தராமல் போகலாம். அதை மருத்துவர் சொன்னால் பொறுமையாகக் கேட்க வேண்டும். மற்றபடி, சம்மதம் கேட்டு அழைப்பு வரும்போது கேள்வியைக் கேட்காமலே மறுத்துவிடாதீர்கள். நுரையீரலைத் தாக்கியது எது? அது தேறக்கூடிய நோயா? கருவி எத்தனை நாளுக்குத் தேவைப்படலாம்? கவிழ்த்துப் படுக்க வைப்பார்களா? இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லும் மலாய் அல்லது ஆங்கில விளக்கம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியாவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சாடியும் பலூனும் அவர்கள் படித்த பாடம்தான்.