ஏஞ்சலோடு யாரைச் சேர்க்கலாம்?

சிறு நாணயம் அளவில் வாங்கி வரும் ஏஞ்சல் மீன், சில மாதங்களில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிடும். அமேசான் படுகையைச் சேர்ந்த இது, சிக்லிட் குடும்பத்து மீன். வாய்க்குள் அடங்குவதைத் தின்றுவிடும். கூடவே விட்ட நியான் டெட்ராக்கள், 3 சென்டிமீட்டர் ஒல்லி உடல்காரர்கள், இரவில் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது இதனால்தான். காலையில் எண்ணிப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும்!

டைகர் பார்ப் சேர்த்தால் கதை தலைகீழ்: அது ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். தொட்டியின் அடியில் இரை பொறுக்கும் கோரிடோரஸ் கெளுத்தி நல்ல துணை. தொட்டிக்கு ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். முட்டையிட்ட ஏஞ்சல் ஜோடி, மற்ற மீன்களை மூலைக்கு விரட்டும். அந்த நாட்களில் ஜோடியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.