தொங்கும் தேகம் (7): சித்திரக்காரரின் சாட்சிகள்

ஸ்டெலார்க் என்ற ஆஸ்திரேலியக் கலைஞர் 1984-ல் நியூயார்க் வீதியொன்றின் மேலே கொக்கிகளில் தொங்கிய கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. மனிதத் தோல் ஒரு முழுச் சரீரத்தின் பாரத்தை எவ்வாறு தாங்குகிறது என்பதை இவ்வாரம் விளக்குவதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் அதன் பொருட்டுப் பழைய நூல்களைப் புரட்டியபோது எதிர்ப்பட்ட ஒரு சர்ச்சை என்னை வேறெதையும் எழுதவிடாமல் பிடித்துக்கொண்டது.

இன்று மேனாடுகளில் கொக்கியில் தொங்குவோர் பலர் தமக்கு முன்னோடியாகக் காட்டுவது, மிசூரி நதிக்கரையில், தற்போதைய வட டகோட்டா மாநிலத்தில் வாழ்ந்த மேண்டன் என்னும் பூர்வகுடியினரின் ஓகீப்பா வைபவத்தையே. 1832-ல் அதை நேரில் கண்டு எழுத்திலும் வர்ணத்திலும் பதித்தவர் ஜார்ஜ் கேட்லின் என்ற ஓவியர். வைபவத் தலைவரின் உருவத்தை அவர் தீட்டிக் கொடுத்திருந்தபடியால், அந்நியர் எளிதில் நுழைய முடியாத அந்தப் புனித மண்டபத்துக்குள் அவருக்கு அழைப்புக் கிடைத்தது. ஆதியில் உலகை மூழ்கடித்த பிரளயத்தை நினைவுகூர்ந்தும், காட்டெருமைகள் பெருகி வரவேண்டுமென்று எருமைத்தோல் போர்த்து ஆடியும் நான்கு நாட்கள் நடக்கும் அவ்வைபவத்தில், ஊணும் நீரும் உறக்கமும் துறந்து விரதமிருந்த இளைஞர்களின் மார்பிலோ தோளிலோ கத்தியால் துளையிட்டு, மரக்குச்சிகளைச் செருகி, அவற்றில் கயிறு கட்டிக் கூரைமேல் நின்றவர்கள் மேலே இழுத்தார்கள். கைகால்களில் செருகிய குச்சிகளில் கேடயங்களும் எருமை மண்டையோடுகளும் தொங்கின. உணர்வு தப்பும்வரை கழியால் சுழற்றப்பட்டுப் பின் இறக்கப்பட்டவர்களை, அவர்கள் தாமாக எழும்வரை ஒருவரும் தொடவில்லை. எழுந்தவர்கள் இடக்கைச் சுண்டுவிரலை வெட்டுவித்துக் காணிக்கையாக்கினார்கள். பிறகு மண்டையோடுகளை இழுத்தவாறு வெளியே ஓடினார்கள். குச்சிகளைக் கையால் உருவலாகாது, சதையைக் கிழித்துக்கொண்டு அவை தாமே விழவேண்டும் என்பது நியமம். கத்தி பாயும் தருணத்தில் தம் முகத்தைப் பார்க்கும்படி சிலர் புன்னகையோடு சைகை காட்டியதையும், அப்போது தம் கண்கள் நிறைந்து வழிந்ததையும் கேட்லின் மறைக்காமல் எழுதுகிறார்.

கேட்லின் ஓவியராவதற்கு முன் வக்கீலாக இருந்தவர். தாம் கண்டதை உலகம் நம்பாது என்பதை முன்னுணர்ந்தவர்போல, உடன் அமர்ந்து பார்த்த மூவரிடம், நான்கு சித்திரங்களும் வர்ணனையும் மிகையற்ற உண்மையே என்று கையொப்பம் வாங்கி, அதைத் தம் 1841-ம் ஆண்டு நூலில் சேர்த்தார். மூவரில் முதல்வரான ஜேம்ஸ் கிப், மேண்டன் பாஷை அறிந்த விலங்குரோம வியாபாரி. சாட்சிப் பத்திரமும் பயன்படவில்லை. 1850-களில் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் அரசாங்க ஆதரவோடு பூர்வகுடியினரைப் பற்றிப் பதிப்பித்த பெருந்தொகுதிகளில், இவ்வர்ணனை பெரும்பாலும் கற்பனை என்று ஓர் அதிகாரியின் கடிதம் அச்சாயிற்று. கடனால் 1852-ல் தம் ஓவியத் தொகுதியையே இழந்து நின்ற மனிதர்மீது, பொய்யன் என்ற பழியும் விழுந்தது.

அவர் ஓயவில்லை. 1833-34 குளிர்காலத்தை மேண்டன் கிராமத்தின் அருகே கழித்த ஜெர்மானிய இளவரசர் மாக்ஸிமிலியனுக்கு எழுதினார். முதுமை எய்தியிருந்த அவ்விளவரசர், தாம் இறப்பதற்குச் சில மாதங்களே இருக்கையில், 1866-ல் ஆதரவாகப் பதில் அனுப்பினார். அக்கடிதத்தோடு 1867-ல் லண்டனில் வெளிவந்ததுதான் ‘ஓகீப்பா’ என்ற நூல். பின்னர் கிப்பும் தம் பழைய சாட்சியத்தை உறுதிசெய்து எழுத, ஸ்மித்சோனியன் நிலையம் தன் 1872-ம் ஆண்டு அறிக்கையில் அதைப் பிரசுரித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே கேட்லின் காலமானார்.

இவ்வளவு கடிதப் போக்குவரத்திலும், தொங்கிய மேண்டன் ஒருவருடைய வாய்மொழியை எவரும் சாட்சியாகக் கேட்டு வாங்கவில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது. 1837-ல் நீராவிப் படகொன்றின் வழியாக வந்த பெரியம்மை அக்குலத்தை ஏறத்தாழ வேரறுத்தது உண்மை. சுமார் 1,600 பேரில் தப்பியவர் 150-க்கும் குறைவென்பது பொதுவான கணக்கு. ஆனால் எஞ்சியோர் வைபவத்தைக் கைவிட்டுவிடவில்லை. 1880-களின் இறுதிவரை அது நடந்தே வந்தது. சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், மிசூரி நதிமேல் படகேறிச் சென்று மார்புத் தழும்பைக் கண்டு வருவது அசாத்தியமான காரியமன்று. ஆல்ஃபிரட் பவர்ஸ் என்ற மானிடவியலாளர் மேண்டன் முதியோரிடமே விரிவாகக் கேட்டறிந்து எழுதிய நூல் வெளிவந்தது 1950-ல்தான். சித்திரக்காரரின் மானத்தைக் காக்கத் துடித்த அக்காலத்து நியாயவான்கள், சரீரத்தைக் காணிக்கையாக்கியவனை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. இதை நான் பெரும் அநீதி என்றே சொல்வேன்.

நம் மாரியம்மன் கோயில்களில் கொக்கியில் தொங்கிச் சுழலும் செடில் என்ற நேர்த்திக்கடனோடு இதை இணைத்து மூலம் தேட நமக்கு ஆசை எழலாம். இரண்டும் வெவ்வேறு மண்ணில் தனித்தனியே வேரூன்றிய விரதங்கள்; உறவு கற்பிக்க ஆதாரமில்லை. செடிலின் சரித்திரம் தனியே சில வாரங்களைக் கேட்கும்.

தெற்கு டகோட்டாவில் 1930-ல் பிறந்து, ஃபகீர் முஸாஃபர் என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, மேண்டன்களின் முறையைத் தம் மார்பிலேயே பரீட்சித்து, 1985-ல் வெளியான ஒரு திரைப்படத்தின் வாயிலாக அதை நவீன உலகுக்குப் பரப்பிய மனிதரை அடுத்த வாரம் சந்திப்போம். கொக்கிகள் கூடக்கூட ஒவ்வொன்றின்மேலும் விழும் பாரம் ஏன் குறைகிறது, தோலடியில் புகுந்த காற்றை இறங்கியபின் ஏன் பிசைந்து வெளியேற்றுகிறார்கள் என்ற விளக்கங்களும் அப்போது வரும்.