வெண்பனி சாம்பல் நிறமாவது ஏன்?

இமயத்தில் கங்கோத்ரிப் பனியாறு முடிவுற்று, பாகீரதி நதி வெளிப்படும் இடம் கோமுகம் எனப்படும். சுமார் 4,000 மீட்டர் உயரத்திலுள்ள இவ்விடத்தின் படங்கள் வெறும் யாத்திரை நினைவுகள் அல்ல. பனியாற்றின் முனை நெடுங்காலமாகப் பின்வாங்கி வருகிறது. ஆகவே, ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு மாறுதலை அறியலாம். கெட்டுப்போன படத்திற்கு மறு ஆண்டில் ஈடு தேட இயலாது. அதற்குள் காட்சியே மாறிவிடும்.

இத்தகைய இடங்களில் பழக்கமில்லாதோர் எடுக்கும் படங்களில் பனி வெண்மையாக இராமல் மங்கலான சாம்பல் நிறம் கொண்டு விளங்குவதைக் காணலாம். குறை காமிராவினுடையதன்று. அதிலுள்ள ஒளிமானிக்கு எதிரே இருப்பது பனியா, பாறையா என்பது தெரியாது. காட்சி, தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கொண்டே அது கணக்கிடுகிறது. புதுப்பனியோ 80 சதவீதத்திற்கும் மேலாகப் பிரதிபலிக்க வல்லது. மிகுதியான ஒளியைக் கண்ட கருவி அதனைக் குறைத்துவிடுகிறது. விளைவாக, புதுப்பனியும் மண்படிந்த பழம் பனிக்கட்டியும் படத்தில் வேற்றுமையின்றித் தோன்றக்கூடும். ஆராய்வோர் தவறான முடிவுக்கு வர இதுவே போதும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கூட்டல், கழித்தல் குறிகளுள்ள திருத்தியைக் கூட்டல் பக்கம் ஒன்று அல்லது இரண்டு படிகள் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு படியும் ஒளியை இரு மடங்காக்கும். எனினும், எல்லை மீறினால் பனியின் நுண்ணிய விவரங்கள் முற்றிலும் வெளுத்து அழிந்துவிடும். அடர்ந்த தேவதாரு வனத்திற்கு இதற்கு நேர்மாறாகக் கழித்தல் பக்கம் திருத்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது பிழை, முன்னிருக்கும் கல்லும் தொலைவிலுள்ள சிகரமும் ஒருங்கே தெளிவாக விழ வேண்டுமென்று லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்குவது. எஃப் 8-லிருந்து எஃப் 16-க்குச் சென்றால் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. அதனால் வினாடியில் 60-ல் ஒரு பங்கு திறந்திருந்த ஷட்டர் 15-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க நேரும். கையின் சிறு நடுக்கமும் படத்தைக் கலைத்துவிடும். முக்காலி இன்றியமையாதது.

மூன்றாவது, மறதி. முந்திய இரவில் 3200 என வைத்த ஐ.எஸ்.ஓ. எண்ணை மறுநாள் வெயிலில் 100-க்குத் திருப்பாவிடில் படத்தில் வேண்டாத புள்ளிகள் மிகும்.

இக்காலக் காமிராக்கள் துவார அளவு, ஷட்டர் நேரம், ஐ.எஸ்.ஓ. எண் ஆகியவற்றைப் படத்துடனேயே பதிவு செய்கின்றன. எனவே பிழைபட்ட படத்தை உடனே அழித்துவிடலாகாது. அதன் எண்களை நன்கு அமைந்த படத்தின் எண்களுடன் ஒப்பிட்டால் காரணம் புலப்படும். ஆசிரியர்கள் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் துணியையும், சட்டம் நிறையும்படி, தானியங்கி அமைப்பில் தனித்தனியே படமெடுத்துக் காட்டலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக விழுவதைக் கண்ட மாணவர், கருவியின் கணக்கைத் தாமே திருத்தக் கற்றுக்கொள்வர்.