நினைவிழந்தோர் நடத்தும் பாடம்

நோயை அறிய நூல்கள் உதவும். நோயாளியை அறிய நூல்கள் மட்டும் போதுமா?

மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் இளைஞருள் பெரும்பாலோர் இரக்க உள்ளத்தோடுதான் வருகின்றனர். அவ்விரக்கம் நிலைத்து நிற்கின்றதா என்பதே கேள்வி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவரின் பரிவுணர்வை ஆண்டுதோறும் அளந்து பார்த்தனர். முதல் ஈராண்டுகளில் பெரிதும் குன்றாதிருந்த பரிவு, மூன்றாம் ஆண்டில் சரிந்ததென 2009-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. மாணவர் நோயாளியின் படுக்கையருகே நின்று பயிலும் ஆண்டு அதுவே! பரிவு மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே அது வற்றத் தொடங்குகிறது.

இதனால் பெரிதும் துன்புறுவோர் டிமென்சியா என்னும் மறதிநோய்க்கு ஆளானோர். காய்ச்சலுற்றவர் தம் குறையை எடுத்துரைப்பார். இவர்களுள் நோய் முற்றியோரோ எங்கே வலிக்கின்றது என்றும் சொல்ல இயலாமல் தவிப்பர். வலி சினமாகவும், அச்சம் அலைச்சலாகவும் வெளிப்படும். விரைந்து செல்லும் மாணவர் கண்ணுக்கு அவர் தொல்லை தரும் முதியவராகவே தோன்றுவார்.

இக்குறையைக் களைய, இங்கிலாந்திலுள்ள பிரைட்டன் அண்டு சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2014-இல் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. மாணவர் இருவர் இருவராக, மறதிநோயுற்ற ஒருவரின் இல்லத்திற்கே சென்றனர்; ஈராண்டுக் காலம், சில மாதங்களுக்கு ஒருமுறை அதே இல்லத்திற்குச் சென்றனர். மருந்து கொடுப்பது அவர்கள் வேலையன்று. அமர்ந்து உரையாடி, நோயுற்றவரும் அவரைப் பேணுவோரும் கூறுவதைக் கேட்பதே வேலை. அங்கே நோயாளரே ஆசிரியர். இவ்வாறு பயின்றோரிடம் நோயைப் பற்றிய அறிவும், நோயுற்றோர்பால் நன்மனப்பாங்கும் வளர்ந்திருக்கக் கண்டனர்.

இதன் காரணத்தை உணர்வது அரிதன்று. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரை நாம் நோயாகக் காண்கிறோம். அவர் இல்லத்திலோ, ஒருவருக்குக் கணவராக, பிள்ளைகளுக்குத் தந்தையாக, ஒரு தொழிலில் உழைத்துத் தேர்ந்தவராகக் காண்கிறோம். இரவெல்லாம் விழித்திருந்து அவரைக் காக்கும் மனைவியின் களைப்பும் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகின்றது.

பிராட்போர்டு பல்கலைக்கழக அறிஞர் டாம் கிட்வுட், 1997-இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் உண்மையை வலியுறுத்தினார். மூளையின் சிதைவோடு, சுற்றியிருப்போர் நடத்தும் முறையும் நோயாளரை நலிவிக்கின்றது. குழந்தைபோல் அவரை நடத்துதல், அவர் எதிரிலேயே அவர் இல்லாததுபோல் பேசுதல், அவர் புரிந்துகொள்ளுமுன் அவசரப்படுத்துதல் ஆகியன அவர் சுட்டிய தவறுகள். இவை மருத்துவமனையில் மட்டுமா நிகழ்கின்றன? நம் வீட்டுத் திண்ணையிலும் நிகழ்வனவன்றோ!

மகளைச் செவிலியர் பயிற்சிக்கும் மகனை மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பக் கனவு காணும் பெற்றோரே, அப்படிப்பின் முதற்பாடத்தை உங்கள் இல்லத்திலேயே தொடங்கலாம். பாட்டி ஒரே கேள்வியைப் பத்தாம் முறையாகக் கேட்கும்போது, முகஞ்சுளிக்காமல் விடை கூறப் பிள்ளையைப் பழக்குங்கள். பெயர் மறந்துபோன தாத்தாவின் கையைப் பற்றி, அருகில் சற்றே அமரச் செய்யுங்கள். நாளை அப்பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படும் நோயாளர் அதன் பயனை அடைவர்.